கணக்கில் கூடியது

மார்கழி முப்பது.
ஒழுக்குக்கு மூன்று வாளி வைத்திருக்கிறோம்:
ஒன்று படிக்கட்டில், ஒன்று உலர்தாவரங்கள் இருக்கும் அறையில்,
மூன்றாவது என் மேசைமேல்,
ஆண்டறிக்கைப் படிவத்துக்குப் பக்கத்தில்.

நாளை நாலு மணிக்குள் அனுப்பவேண்டும்.
வெளியீடுகள்: இரண்டு. ஒன்று இன்னும் திருத்தத்தில்.
வெளிநாட்டுப் பயணம் என்ற பெட்டிக்குள்
துஷ்யந்தியைப் போடலாமா?
கற்றல் விடுப்பில் போனவள்
ஆவணியில் திரும்பியிருக்கவேண்டும்.
மூன்று வரி மின்னஞ்சல்தான் வந்தது,
பிணைப்பணத்தைத் தவணையில் கட்டலாமா என்று.
அவளுடைய ஒட்டுண்ணியியலை
இரவில் நான் படித்து
பகலில் படிப்பிக்கிறேன்.

கார்த்திகை வெள்ளத்தில் மின்சாரம் போன இரவு
ஜெனரேற்றர் பதினேழு நிமிடம் ஓடிவிட்டு நின்றதற்குப்
படிவத்தில் இடமே இல்லை.
ஆழ்குளிர்ப் பெட்டிக்குள் மண்டைதீவு நண்டுகளின் குடல்,
நூற்றிநாற்பது குழாய்.
காலையில் கதவைத் திறக்க
மிதுர்ஷனின் இரண்டு வருடம்
மீன்சந்தைபோல் மணந்தது.
அவன் ஒன்றும் கதைக்கவில்லை.
கையுறை போட்டான்.
ஒவ்வொரு குழாயின் இலக்கத்தையும்
கொப்பியில் எழுதி எழுதித்தான் எறிந்தான்.
தை பிறந்தால் திரும்பவும் சேற்றுக்குள் இறங்குவானாம்,
சப்பாத்து மட்டும் புதிதாக வேணுமாம்.

இன்று காலை பொருட்கணக்கெடுப்பு.
நிதிக்கிளையிலிருந்து மூன்று பேர்
குடைகளை விறாந்தையில் விரித்து வைத்துவிட்டு வந்தார்கள்.
கதிரை எண்ணினார்கள், முக்காலி எண்ணினார்கள்,
வழுக்கிப் பெட்டிகளைத் திறக்காமலே எண்ணினார்கள்.
போமலினில் சுருண்டு கிடந்த கடற்பாம்பைப் பார்த்து
"இது நுகர்பொருளோ, நிலையான சொத்தோ?" என்றார் இளையவர்.
பகிடி இல்லை, பத்தி இரண்டுதான் இருந்தது.
பாம்புக்கு என்னைவிடச் சேவைக்காலம் கூட என்றேன்.
நிலையான சொத்தில் போட்டார்.

நுணுக்குக்காட்டியில்தான் நின்றது.
பேரேட்டில் பதினொன்று.
மேசையில் பன்னிரண்டு.
மறுபக்கமிருந்தும் எண்ணிப் பார்த்தார்கள்.
குறைந்தால் அதற்கொரு படிவம் இருக்கிறது,
யாருடையதோ சம்பளத்தில் வெட்டலாம்.
கூடினால்?
"கூடினாலும் பிழைதான் மிஸ்,
விளக்கம் எழுதித் தாங்கோ."

கதவடியில் அமலதாஸ்
துடைத்த வில்லையையே துடைத்துக்கொண்டு நின்றார்.
கழிவென்று எழுதிப் பின்சுவரடியில் போட்ட குவியலில்
ஒன்றின் கால், ஒன்றின் குழல், இன்னொன்றின் மேடை.
நுண்திருகுக்கு மட்டும்
குருநகரில் வள்ள இயந்திரம் திருத்துகிறவர்
கடைந்து கொடுத்த பித்தளை.
ஆறு மாதம், மதியச் சாப்பாட்டு நேரங்களில்.
நாங்கள் அவர் நித்திரை கொள்கிறார் என்றிருந்தோம்.
"ஒண்டை நாலு பிள்ளையள் பாக்கினம், மிஸ்."
அவர் சொன்ன விளக்கம் அவ்வளவுதான்.
இதை நான் அலுவலகத் தமிழில் எழுதவேண்டும்.

"மேற்படி உபகரணமானது" என்று தொடங்கி
மூன்று கடதாசி கசங்கியது.

பின்னேரம் மழை விட்டதுபோல் இருந்தது, விடவில்லை.
மிதுர்ஷன் என் மேசை வாளியில் ஒரு துளி எடுத்துப்
பன்னிரண்டாவதின் கீழ் வைத்தான்,
சும்மா, பார்க்க.
"வாங்கோ மிஸ்."
திருகு கொஞ்சம் தளர்வு,
பெருவிரலால் பிடித்துக்கொள்ளவேண்டும்.
பிடித்தால் தெளிகிறது:
ஓட்டுப் பாசியிலிருந்து வழுகி வந்த ஒரு ரொட்டிபர்,
தலையில் இரண்டு சில்லுச் சுற்ற
தன் பாட்டில் தின்றுகொண்டிருந்தது.
அமலதாஸ் பின்னால் நின்று
எங்கள் இரண்டுபேரையும் பார்க்காமல்
ஜன்னலைப் பார்த்தார்.

அடிப்பகுதியில் வெள்ளைப் பெயின்ரால்
11அ என்று எழுதியாயிற்று. காயவில்லை.
புதிய உபகரணங்கள்: 01.
பெறுமதி என்ற கோட்டில்
பேனை நிற்கிறது.
வாளி நிரம்பிவிட்டது,
ஊற்றிவிட்டு வருகிறேன்.